வழக்குரைஞர் துணையும் மொழியும்: சித்தூர் – திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை தமிழிலக்கியத்தில் நீதிமன்றக் காட்சிகளுள் தலையாயதாகக் கருதப்படுகிறது. ஆயின் அவ்வழக்கு உரைக்கப்பட்டது கோவலன் கொலையுண்ட பின்னரே. பொற்கொல்லன் சொல்லை ஏற்று மன்னன் ஆணையிட்டபோது, கோவலன் சார்பில் பேச அங்கு ஒருவரும் இல்லை. சிலம்பினுள் இருந்தது மாணிக்கமா முத்தா என்னும் ஒரே வினா வழக்கின் முடிவை மாற்றியிருக்கும். அவ்வினாவை எழுப்புவதற்குக் கண்ணகி வரவேண்டியிருந்தது. அவள் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசும் ஒருவர் உரிய காலத்தில், உரிய இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய சட்டம் கூறும் வழக்குரைஞர் உரிமையின் சாரம். இவ்வுரிமை இந்தியாவில் வளர்ந்த வரலாற்றையும், சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களில் அது செயற்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில், வழக்குரைஞருக்கும் எதிரிக்கும் இடையே பொதுமொழி இல்லாதபோது உரிமை எவ்வாறு பொருளிழக்கிறது என்பது இதன் மையக் கருத்தாகும்.

வக்கீல் என்னும் சொல்லும் நிறுவனமும்

தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொற்களுள் ஒன்று ‘வக்கீல்’. பிறருக்காக நின்று பேசுபவர், பகராள் என்னும் பொருளுடைய அரபுச் சொல் இது. இதனோடு உறவுடைய ‘வக்காலத்து’ என்பதும் இருமொழி நீதிமன்றங்களிலும் வழங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் சொற்களோ வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் அவர் ‘எதிரி’. தெலுங்கு வழக்கில் ‘முத்தாயி’. தன்னைத்தான் ‘முத்தாயி’ என்று அழைக்கிறார்கள் என்பதே தெலுங்கறியாத ஒருவருக்கு விளங்காது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1793-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் வக்கீல் தொழிலுக்கு முறையான வடிவம் தந்தது. சென்னை மாகாணத்திலும் பின்னர் இம்முறை பரவியது. எனினும் தொடக்கத்தில் அது பெரிதும் உரிமையியல் வழக்குகளைச் சார்ந்தே அமைந்தது. குற்றவியல் வழக்குகளில் எதிரிக்கு வழக்குரைஞர் என்னும் எண்ணம் இங்கிலாந்திலேயே காலந்தாழ்த்தித்தான் ஏற்கப்பட்டது. பெருங்குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்குரைஞர் நடுவர் குழுவினரிடம் முழுமையாக வாதிடும் உரிமை அங்கு 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது.

இந்தியாவில் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட எவரும் வழக்குரைஞரைக்கொண்டு எதிர்வாதம் செய்ய உரிமையுடையவர் என்று அறிவித்தது. பொருள் உள்ளவர்க்கு இது உரிமை. இல்லாதவர்க்கு வெறும் எழுத்து. வறியவருக்கு வழக்குரைஞரை அமர்த்தித் தரும் கடமை அரசுக்கு உண்டு என அப்பிரிவு கூறவில்லை.

திருச்சானூர் வழக்கு

வழக்குரைஞர் ஒருவரின் வருகையால் என்ன மாறும் என்பதற்குச் சித்தூர் நீதிமன்ற வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவர் திருப்பதியை அடுத்த திருச்சானூர்க் கோயிலுள் வழிபடச் சென்றார். அதற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 1925–26-ஆம் ஆண்டளவில் சித்தூரில் அவருடைய மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது அவருக்காக முன்வந்தவர் சி. இராஜகோபாலாச்சாரியார்.

இராஜாஜி சேலத்தில் புகழ்பெற்ற குற்றவியல் வழக்குரைஞராக விளங்கியவர். ஒத்துழையாமை இயக்கத்தையொட்டி நீதிமன்றங்களைப் புறக்கணித்துத் தொழிலைக் கைவிட்டவர். அந்நோன்பை ஒதுக்கிவைத்து அவர் சித்தூர் நீதிமன்றத்தில் வாதிட்டார், தண்டனை நீக்கப்பட்டது. கொள்கை வழுவினார் என்னும் குறை எழ இடமிருந்த இச்செயலைக் காந்தியடிகள் 1926-இல் ‘யங் இந்தியா’ இதழில் ஆதரித்து எழுதினார். காக்கும் ஆற்றல் இருந்தும் ஒரு பக்தர் சிறை செல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது நோன்பாகாது என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வழக்கில் கருதத்தக்கது சட்ட நுட்பமாகும். வழிபாட்டிடத்தைத் தீட்டுப்படுத்துதல் பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு, ஒரு வகுப்பாரின் சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கம் அல்லது அவ்வாறு கருதப்படும் என்னும் அறிவு இருத்தல் வேண்டும் எனக் கூறியது. இறைவனை வணங்கச் சென்றவரிடம் இக்கூறு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத்தரப்பையே சாரும். கோயிலுக்குள் சென்றது உண்மை என ஒப்புக்கொள்ளும் எளிய பக்தர், அவ்வொப்புதலாலேயே தாம் குற்றவாளி என எண்ணக்கூடும். செயலுக்கும் குற்றத்துக்கும் இடையே சட்டம் வைத்துள்ள தொலைவை அளந்து காட்டுபவர் வழக்குரைஞரே. ஒடுக்கப்பட்டோரின் கோயில் நுழைவை உரிமையாக்கும் தீர்ப்பு அன்று சித்தூரில் எழவில்லை. ஒரு மனிதர் தண்டனையிலிருந்து மீண்டார். எதிர்வாத வழக்குரைஞரின் பணி பெரும்பாலும் இவ்வளவில் அமைவதே.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சேலத்து வழக்குரைஞர் சித்தூரில் வாதிட்டபோது அவ்விரண்டுக்கும் இடையே மாநில எல்லை இல்லை; இரண்டும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை.

எல்லை மாற்றமும் நீதிமன்ற மொழியும்

சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்துக்கு மீண்டன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இம்மாற்றங்கள் வருவாய் ஆட்சியோடு நிற்கவில்லை. மேல்முறையீடுகள் சென்னைக்குச் சென்ற நிலை மாறி, 1954-இல் குண்டூரிலும், 1956 முதல் ஐதராபாத்திலும், 2019 முதல் அமராவதியிலும் அமைந்த உயர்நீதிமன்றங்களுக்குச் செல்லலாயின. 1966-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தெலுங்கை மாநில ஆட்சிமொழியாக்கியது. மொழிவழி மாநிலம் என்னும் கோட்பாட்டின்படி இது முறையானதே. தன் மொழியில் நீதி கேட்கும் உரிமை தெலுங்கு உழவருக்கு இதனாற் கிடைத்தது. அதே வேளையில், எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இந்நீதிமன்றங்களில் நிறுத்தப்படும் தமிழ்க் கூலியாள் அயலாரானார்.

உரிமை விரிந்த வரலாறு

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 22(1) உறுப்பு, கைதானவர் தாம் தேர்ந்த வழக்குரைஞரைக் கலந்து பேசவும் அவர்வழி எதிர்வாதம் செய்யவும் உள்ள உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் அரசியலமைப்பு அவையில் முன்வைத்த புதிய உறுப்பின் பயன் இது. எனினும் தொடக்ககாலத் தீர்ப்புகள் இவ்வுரிமைக்குக் குறுகிய பொருளையே கண்டன. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தொடர்பில் ஐதராபாத்துத் தனி நீதிமன்றத்தால் மரண தண்டனை பெற்றோர் தொடுத்த ஜனார்தன் ரெட்டி வழக்கில் (1951), வழக்குரைஞர் அமர்த்தப்படாமையால் மட்டுமே விசாரணை செல்லாததாகிவிடாது என உச்சநீதிமன்றம் கருதியது.

இதற்கு மாறான போக்கு அமெரிக்காவில் முன்னரே தோன்றியிருந்தது. அலபாமா மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் வழக்கில் (1932), வீட்டிலிருந்து தொலைவில், உற்றார் இன்றி, பகையுணர்வு கொண்ட சூழலில் நிறுத்தப்பட்ட எழுத்தறிவற்றோருக்குப் பெயரளவில் வழக்குரைஞரை அமர்த்தினால் போதாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் நீங்கி அயலிடத்தில் நிற்றல் என்னும் நிலைமையை இத்தீர்ப்பு எடைபோட்டது இக்கட்டுரைப் பொருளுக்கு நெருக்கமானது.

இந்தியாவில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்ற விசாரணையில் வறியவருக்கு அரசு செலவில் வழக்குரைஞரை அமர்த்த வழிசெய்தது. 1976-இல் 39-அ உறுப்பு இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கியது. ஹாஸ்கட் (1978), உசைனாரா காத்தூன் (1979) வழக்குகள் இதனை வாழ்வுரிமையின் பகுதியாக உயர்த்தின. பாகல்பூர்க் கைதிகள் கண்ணிழந்த கொடுமை பற்றிய காத்ரி வழக்கு (1981), எதிரி முதன்முதலாக நடுவர்முன் நிறுத்தப்படும்போதே சட்ட உதவி தொடங்கவேண்டும் என்றது. எதிரி கேட்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி உதவியை மறுக்கலாகாது எனச் சுக்தாஸ் வழக்கு (1986) தெளிவுபடுத்தியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. காவலில் இருப்போர் அனைவரும் அதன்படி உதவி பெறத் தகுதியுடையோர்.

இவ்வுரிமை வழக்கின் தன்மையையோ எதிரியின் தொழிலையோ பார்ப்பதன்று. காவலர்களுக்காக எவரும் வாதிடலாகாது எனக் கோயம்புத்தூர் வழக்குரைஞர் சங்கம் இயற்றிய தீர்மானம் தொடர்பான முகமது ரஃபி வழக்கில் (2010), அத்தகைய தீர்மானங்கள் செல்லா என உச்சநீதிமன்றம் அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் வழக்குரைஞர் உரிமை மீண்டும் 340-ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது. 1898-இல் வறியவருக்கு உதவாத அவ்வெண்ணுக்கு அடுத்து, அரசு செலவில் உதவி தரும் 341-ஆம் பிரிவு இன்று நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சி இவ்விரு பிரிவுகளுக்கு இடையே அடங்கியுள்ளது எனலாம்.

சேசாசல வழக்குகள்

இவ்வளவு விரிந்த உரிமை சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் கடுமையான சோதனைக்கு உள்ளானது செம்மர வழக்குகளில்தான். சேசாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா முதலிய மலைத்தொடர்களில் மட்டுமே செழித்து வளரும் செம்மரத்துக்கு வெளிநாடுகளில் பெருவிலை உண்டு. அதனை வெட்டிச் சுமக்கும் கூலிகளாகத் திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரி, சேலம், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறிய தமிழர் அழைத்துச் செல்லப்பட்டனர். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரும் இவர்களுள் அடங்குவர். கடத்தலின் ஊதியம் இடைத்தரகர்க்கும் மேலுள்ளோர்க்கும் சேர, கைதுகள் கூலிகளையே பெரிதும் சூழ்ந்தன.

2013 டிசம்பரில் சேசாசலக் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். பணியிலிருந்தோர் உயிரிழந்த இந்நிகழ்வு கடும் விசாரணைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொலைக் குற்றம் நூற்றுக்கணக்கானோர்மீது ஒருசேரச் சுமத்தப்பட்டது. அவர்களுள் 280-க்கும் மேற்பட்டோர் தமிழர். பலர் பிணையின்றி நெடுங்காலம் சிறையிலிருந்தனர். 2016 ஜூலையில் திருப்பதி நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என அவர்களை விடுதலை செய்தது.

இத்தீர்ப்பு இருமுனைப் பொருளுடையது. குற்றமற்றோர் இழந்த ஆண்டுகள் ஒருபுறம். கொல்லப்பட்ட அலுவலரின் குடும்பத்தார்க்கு உண்மைக் குற்றவாளி யார் என்பது நிறுவப்படாத நிலை மறுபுறம். ஒவ்வோர் எதிரிக்கும் தொடக்கத்திலேயே தனித்த எதிர்வாதம் வாய்த்திருப்பின், யார் எங்கிருந்தார் என்னும் வினா முதல் மாதங்களிலேயே எழுந்திருக்கும். நல்ல எதிர்வாதம் எதிரிக்கு மட்டுமன்றிப் புலனாய்வுக்கும் உரைகல்லாக அமைவது இவ்வாறே.

நீதிமன்றத்தையே எட்டாதோரும் உளர். 2015 ஏப்ரல் 7-இல் சந்திரகிரியை அடுத்த சேசாசலக் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சிறப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. உடன் பயணம் செய்து தப்பியதாகக் கூறியோர் வேறுவிதமான சாட்சியத்தைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் அளித்தனர். எவ்வாறாயினும், அந்த 20 பேரும் எந்த நடுவர் முன்னும் நிறுத்தப்படவில்லை. எவருக்கும் வக்காலத்தில் கையெழுத்திடவில்லை. அவர்கள் சார்பிலான சட்டப் போராட்டம், கண்ணகியின் வழக்கைப்போல, இறப்புக்குப் பின்னரே தொடங்கியது. ஆந்திர மனித உரிமை அமைப்பினரே ஐதராபாத் உயர்நீதிமன்றத்தில் அதனைத் தொடுத்தோருள் முன்நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. எல்லையும் மொழியும் அவர்களுக்குத் தடையாகவில்லை.

2016 ஆகஸ்டில் ரேணிகுண்டாவில் இரயிலில் வந்த தமிழர் 32 பேர் கைதானபோது, அவர்களுக்காக வாதிட வழக்குரைஞர்களை அனுப்பத் தமிழக அரசு ஆணையிட்டது. ஒரு மாநில அரசு தன் மக்களுக்காக அண்டை மாநில நீதிமன்றத்தில் எதிர்வாதத்துக்கு ஏற்பாடு செய்த இந்நிகழ்ச்சி, அங்குள்ள சட்ட உதவி ஏற்பாட்டில் இருந்த இடைவெளியைக் காட்டுகிறது. பின்னர் 2022-இல் செம்மர வழக்குகளுக்கெனத் திருப்பதியில் தனி நீதிமன்றங்கள் தொடங்கப்பட்டன. வழக்குகள் விரைந்து முடிய இவை உதவலாம். விரைவு கூடும்போது ஆயத்தமான எதிர்வாதத்தின் தேவையும் கூடுகிறது.

மொழியும் எதிர்வாதமும்

இவ்வழக்குகளில் மொழி மூன்று நிலைகளில் குறுக்கிடுகிறது.

முதலாவது, கைது. எதற்காகப் பிடிக்கப்பட்டோம் என்பது விளங்காதவர் வழக்குரைஞரிடம் எதையும் கூற இயலாது. தடுப்புக்காவலுக்கான காரணங்கள் காவலில் உள்ளவர் அறிந்த மொழியில் தரப்பட வேண்டும் என ஹரிகிசன் வழக்கு (1962) அறுதியிட்டது. பொதுவான கைதுகளுக்கும் காரணங்களை எழுத்தில், கைதானவர் அறிந்த மொழியில் தரவேண்டும் என மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. செம்மர வழக்குகள் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே இத்தெளிவு பிறந்தது.

இரண்டாவது, பிணை. பிணை ஆணை கிடைத்தாலும் உள்ளூர்ப் பிணையாளர் வேண்டும் என்னும் நிபந்தனை அயலாருக்குச் சிறைக்கதவை மீண்டும் அடைக்கிறது. மோதிராம் வழக்கில் (1978) நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தொலைவிடத்தில் கைதாகும் மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ அங்குச் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று வினவினார். வேற்று மாவட்டத்தார் என்பதற்காகப் பிணையாளரை மறுப்பது முறையன்று என்பது அத்தீர்ப்பு. அதனை நடுவர்முன் எடுத்துரைக்க வழக்குரைஞர் வேண்டும். பிணையாளரைத் தேடும் குடும்பத்தோடு அவர் பேசவும் வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் வழக்குரைஞருக்கும் எதிரிக்கும் இடையிலான உரையாடல். எதிரி அறியாத மொழியில் தரப்படும் சாட்சியம் அவருக்கு மொழிபெயர்த்துக் கூறப்படவேண்டும் என 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு விதித்தது. இவ்விதி நீதிமன்ற அறைக்குள் நிகழ்வதைப் பற்றியது. அதற்கு முன்பு சிறையின் நேர்காணல் இடத்தில், வழக்குரைஞர் எதிரியிடம் ‘அன்று எங்கிருந்தாய், யாரோடு வந்தாய், யார் அழைத்தார், எந்தப் பேருந்தில் ஏறினாய்’ என்று கேட்கும் மொழி எது என்பதைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. எதிர்வாதத்தின் மூலப்பொருள் முழுவதும் அங்குதான் கிடைக்கிறது. பேருந்துச் சீட்டு, உடன்வந்தோர் பெயர், தரகர் தந்த முன்பணம் ஆகியவை எதிரியின் வாயிலிருந்தே வரவேண்டியவை. அவற்றை அறியாத வழக்குரைஞர் குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பார்? கோப்பில் வழக்குரைஞர் பெயர் இருக்கும். 22(1) உறுப்பு கூறும் ‘கலந்து பேசுதல்’ நிகழ்ந்திராது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. 1898 முதல் இன்றுவரை வழக்குரைஞர் உரிமை, பொருளுடையார் உரிமையாகத் தொடங்கி, வறியோர்க்கும் கேளாதோர்க்கும் உரியதாக விரிந்துள்ளது. ‘வழக்குரைஞர் உண்டா’ என்னும் வினாவுக்குச் சட்டம் விடை கண்டுவிட்டது. ‘அவரும் எதிரியும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனரா’ என்னும் வினா எல்லைப்புற நீதிமன்றங்களில் இன்னும் எஞ்சி நிற்கிறது.

திருச்சானூர்ப் பக்தரின் வழக்கும் செம்மரக் கூலிகளின் வழக்கும் ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளியில் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தவை. இரண்டிலும் இறுதியில் விடுதலையே கிடைத்தது. முன்னதில் ஒருவருக்கு ஒரு வழக்குரைஞர் நின்றார். பின்னதில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குற்றச்சாட்டின்கீழ் நின்றனர்.

இக்குறையைப் போக்கும் வாய்ப்பு இவ்வட்டாரத்திலேயே உள்ளது. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் அறிந்தோர் இன்றும் பலர் உளர். அவர்களுள் வழக்குரைஞர்களும் அடங்குவர். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022-இல் வகுத்த எதிர்வாத வழக்குரைஞர் திட்டத்தின்கீழ், இவ்விரு மாவட்டங்களிலும் தமிழறிந்தோரை அமர்த்துவதும், சிறை நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரை வழங்குவதும், வக்காலத்து முதலிய படிவங்களைத் தமிழிலும் தருவதும் செயற்படுத்தத் தக்கவை. தமிழகத்து நீதிமன்றங்களில் நிறுத்தப்படும் வடமாநிலத் தொழிலாளர்க்கும் இதே அளவுகோல் பொருந்தும். சட்டத் தமிழ், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் ஈடுபடும் தமிழாய்வாளர்க்கு, சிறை நேர்காணலின் மொழி இதுவரை போதிய கவனம் பெறாத ஆய்வுக்களமாக உள்ளது.